பதினாலாம் நம்பர் அலைனர்

"டேஷ்போர்டு மேல ஒரு டிஷ்யூ இருந்துச்சே, அது எங்கம்மா?" என்று மாஸ்டர் கேட்டபோது மணி பத்து இருபது.

டெய்லரம்மா இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தபடி, சாலையிலிருந்து பார்வையை எடுக்காமல் பதில் சொன்னார். பார்வையை எடுக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தவர் மாஸ்டர்தான். சிக்னலில் வண்டி நிற்கும்போது எடுக்கலாம் என்பதை அவர் இன்னும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"அந்தக் கசங்கின டிஷ்யூவா? நீங்க டீ குடிக்க இறங்கினீங்கல்ல, அப்ப கண்ணாடியைப் பார்த்தேன். ஒரே பிசுக்கு. அதை எடுத்து நல்லா அழுத்தித் தொடச்சேன் மாஸ்டர். உள்ள ஏதோ நறநறன்னுச்சு. பிஸ்கட் தூளா இருக்கும்னு விட்டுட்டேன்."

"தொடச்சிட்டு?"

"பஸ் ஸ்டாப் குப்பைத்தொட்டில போட்டேன். கண்ட இடத்துல போடற பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது."

மாஸ்டர் நாக்கால் மேல்வரிசைப் பற்களைத் தடவிப் பார்த்தார். வழுவழுப்பு இல்லை. வெறும் பல்.

டிஷ்யூவுக்குள் இருந்தது பிஸ்கட் தூள் இல்லை. பதினாலாம் நம்பர் அலைனர். பல்வரிசையின் மேல் கச்சிதமாக மாட்டிக்கொள்ளும், கண்ணாடி மாதிரியான மெல்லிய பிளாஸ்டிக் உறை. மூன்று வாரத்துக்கு ஒரு நம்பர் என்று மாற்றி மாற்றிப் போட்டால் கோணல் பல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நேராகும். ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். சாப்பிட, டீ குடிக்க, பல் துலக்க மட்டும் கழற்றலாம். கழற்றினால் அதற்கென்று கொடுத்திருக்கும் டப்பாவில் வைக்க வேண்டும்.

மாஸ்டரின் டப்பாவில் காருக்கான ஃபியூஸ்கள் குடியிருந்தன. போன வாரம் நடுரோட்டில் ஹார்ன் ஃபியூஸ் போனதிலிருந்து, வாங்கிய புது ஃபியூஸ்களுக்கு அவ்வளவு பாந்தமான டப்பா வேறெதுவும் கிடைக்கவில்லை. அதனால்தான் டிஷ்யூ.

டிரைவிங் ஸ்கூலில் பத்தொன்பது வருடமாக மாஸ்டர். அவரிடம் கற்றுக்கொண்டு ஊரில் பாதிப்பேர் வண்டி ஓட்டுகிறார்கள். அப்படிப்பட்டவர் நாற்பத்தொன்பது வயதில் பல்லுக்கு உறை மாட்டிக்கொண்டு திரிவதற்குக் காரணம் அழகு ஆசை இல்லை. காரணம் அவருடைய மகள்.

மகளுக்கு முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அப்படியே அப்பாவின் அச்சு. அவள் சிரிக்கும்போதெல்லாம் கையால் வாயை மூடிக்கொள்வாள். அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மாஸ்டருக்கு மனசு சுருக்கென்னும். சொத்து சுகம் என்று ஒன்றும் சேர்த்து வைக்கவில்லை, கோணல் பல்லை மட்டும் கொடுத்துவிட்டோமே என்று குமைவார். அந்த வாயை மூடும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் அவர் யோசித்ததில்லை. அவர் சிரிக்கும்போது கையிலிருக்கும் வருகைப் பதிவு அட்டை தானாக எழுந்து வாயருகே வந்து நிற்கும். அதை அவர் கௌரவம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பத்து மாதத்துக்கு முன் பல் டாக்டரம்மா அலைனர் போடலாம் என்றபோது மகள் ஒரே பிடியாக நின்றாள்.

"அப்பா போட்டா நான் போடறேன். இல்லன்னா எனக்கு வேண்டாம்."

"எனக்கெதுக்கும்மா இந்த வயசுல?"

"உங்களுக்கும் அதே பல்லுதானே? நீங்க நிறுத்தற அன்னைக்கு நானும் நிறுத்திடுவேன். பார்த்துக்குங்க."

பெண்ணுக்காக எதையும் தாங்கலாம் என்று மாஸ்டர் வாயைத் திறந்து கொடுத்தார். அன்றே வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் ஒரு அட்டை ஏறியது. டிரைவிங் ஸ்கூல் போர்டு எழுதும் அதே கையெழுத்தில், சிவப்பு மையில், மாஸ்டரே எழுதினார். 'ஒன்று: வாயில் இல்லாவிட்டால் டப்பாவில். மூன்றாவது இடம் கிடையாது. இரண்டு: கலர் பானம் தடை. மூன்று: சுடுதண்ணீர் கண்டிப்பாகத் தடை.' கீழே தினசரி மணிக்கணக்குக்கு இரண்டு பத்திகள், அப்பா, மகள்.

தினமும் மாலை ஏழு மணிக்கு ஆய்வு. ஒருவர் வாயை ஒருவர் பார்க்க வேண்டும். மாஸ்டர் படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொள்ள வெட்கப்பட்டு, குத்துமதிப்பாகப் பார்த்து "பளிச்சுனு இருக்கு, பாஸ்" என்று டிக் அடித்துவிடுவார். மகள் அப்படி இல்லை. போன் டார்ச்சை அடித்து, உறையின் ஓரத்தில் பொடி எழுத்தில் பொறித்திருக்கும் நம்பர் வரைக்கும் படிப்பாள். ஆர்.டி.ஓ. கூட அவ்வளவு கறார் இல்லை.

இன்று ஏழு மணிக்கு வாயில் பதினாலு இல்லையென்றால் ஒப்பந்தம் முறியும். அவளும் நிறுத்திவிடுவாள். அந்தக் கை மறுபடியும் வாயை மூடும். மாஸ்டருக்கு அதை நினைக்கவே பொறுக்கவில்லை.

"வண்டியைத் திருப்புங்கம்மா."

"யூ டர்ன் எட்டாவது கிளாஸ்லதானே வரும்? இது நாலாவது."

"இன்னைக்கே எட்டு."

இடம் மாறி உட்காரலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் டெய்லரம்மா சீட் பெல்ட்டை அவிழ்க்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில் முனிசிபாலிட்டி லாரி வந்து தொட்டியையே தூக்கிக்கொண்டு போய்விடும். அதனால் டெய்லரம்மாவே ஓட்டினார். முப்பது வருடம் தையல் மெஷினை மிதித்த கால் அது. ஆக்சிலேட்டரையும் அதே தாளத்தில் மிதித்தது. கார் தையல் போட்டுக்கொண்டே போனது. மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, மனசுக்குள் எல்லாச் சாமியையும் கும்பிட்டார்.

தொட்டி இருந்தது. நிரம்பியும் இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்த பத்துப் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க, மாஸ்டர் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டு உள்ளே விட்டார்.

"நானும் தேடட்டுமா மாஸ்டர்?" டெய்லரம்மா கைப்பையிலிருந்து துணி அளக்கும் மர ஸ்கேலை எடுத்து, குப்பையைக் கிளறத் தொடங்கினார். "அப்படி என்னதான் அதுக்குள்ள?"

"என் பல்லும்மா."

டெய்லரம்மாவின் கையில் ஸ்கேல் அப்படியே நின்றது. "ஐயோ, பல்லு செட்டா? இத்தனை சின்ன வயசுலயா!"

அதற்குள் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். "மாஸ்டர்? நம்ம மாஸ்டரா?"

திரும்பினால், மூன்று வருடம் முன்பு முதல் முயற்சியிலேயே லைசென்ஸ் எடுத்த மாணவர். தொட்டியையும் மாஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது.

"ஸ்கூலை மூடிட்டாங்களா மாஸ்டர்?"

"சேச்சே. ஒரு பொருள் விழுந்துடுச்சு, அதான்."

"என்கிட்ட என்ன மாஸ்டர் மறைக்கறீங்க?" என்று தழுதழுத்தவர், கையிலிருந்த பன் பாக்கெட்டை மாஸ்டரின் சட்டைப்பையில் திணித்துவிட்டு, வந்து நின்ற பஸ்ஸில் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஏறினார். ஜன்னல் வழியாக அவர் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஏதோ சொல்வதும், அந்த ஆள் எட்டிப் பார்ப்பதும் தெரிந்தது. மானம் போன கதை அடுத்த ஸ்டாப்புக்குள் பஸ் முழுக்கப் பரவிவிடும்.

வாழைப்பழத் தோல் ஒன்றுக்கு அடியில் டிஷ்யூ கிடைத்தது. உள்ளே பதினாலாம் நம்பர், உடையாமல் முழுசாக இருந்தது. மாஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் அதை அப்படியே வாயில் போட முடியுமா? கண்ணாடிப் பிசுக்கு, பழத்தோல், பெயர் தெரியாத இன்னும் நாலைந்து சமாச்சாரம். மாஸ்டர் எதிரே இருந்த டீக்கடைக்கு ஓடினார்.

"அண்ணே, கொஞ்சம் தண்ணி குடுங்க. கிருமியெல்லாம் சாகற மாதிரி."

கிருமி சாகவேண்டும் என்று கேட்டால் டீக்கடைக்காரர் என்ன கொடுப்பார்? பாய்லர் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் கொதிநீரைப் பிடித்து நீட்டினார். மாஸ்டர் உறையை அதில் போட்டார். போட்ட கையோடுதான் ஃப்ரிட்ஜ் அட்டையின் மூன்றாவது வரி ஞாபகம் வந்தது. அதுவும் சிவப்பு மையில், தன் கையெழுத்திலேயே வந்தது.

எடுத்துப் பார்த்தால் உறை சுருண்டு, ஓரம் மடங்கி, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. வாயில் வைத்துப் பார்த்தார். அது எந்த மனிதனின் வாய்க்கும் செய்ததாகத் தெரியவில்லை.

"ஏம்மா, இதைக் கொஞ்சம் இழுத்துச் சரி பண்ண முடியுமா?" என்று ஆற்றாமையில் டெய்லரம்மாவிடமே கேட்டார்.

டெய்லரம்மா வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "துணின்னா பிரிச்சுத் தைச்சுடலாம். இது முடியாது. பழசு எதுவும் இல்லையா?"

பழசு! தொலைந்தால் முந்தைய நம்பரைப் போட்டுக்கொள்ளலாம், அதனால் அதைத் தூக்கிப் போடாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மாஸ்டரும் தூக்கிப் போடவில்லை. பதின்மூன்றை பத்திரமாக இருக்கட்டும் என்று கார் டேஷ்போர்டு பெட்டிக்குள் வைத்திருந்தார். திறந்து பார்த்தால், ஒரு வாரம் வெயிலில் நின்ற காருக்குள் பதின்மூன்று எப்போதோ உருகி, பதினாலுக்கு அண்ணன் மாதிரி நெளிந்து கிடந்தது.

அந்த நேரம் பார்த்து போன் 'டிங்' என்றது. மகள்தான். கல்லூரி காலை இடைவேளையில் தினமும் வரும் செய்தி.

'டீ குடிச்சாச்சா? திரும்ப மாட்டியாச்சா? போட்டோ.'

மாஸ்டர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு, போன வியாழக்கிழமை எடுத்த போட்டோவைத் தேடி எடுத்து அனுப்பிவிட்டார். பல்லெல்லாம் தெரிய ஈயென்று இருந்த படம். உறை பளபளவென்று தெரிந்தது. சாமர்த்தியசாலிதான் நாம் என்று அவர் மூச்சு விடுவதற்குள் அடுத்த 'டிங்'.

'அப்பா, காலைல வெள்ளைச் சட்டைதானே போட்டுட்டுப் போனீங்க? இதுல நீலக் கட்டம்?'

'டீ கொட்டிடுச்சும்மா. வீட்டுக்குப் போய் மாத்திட்டேன்.'

'அடடா. வெள்ளைச் சட்டையை எனக்கு எடுத்து வைங்க. கறை போக நான் ஊற வைக்கறேன்.'

இப்போது மாஸ்டருக்கு மூன்று வேலை சேர்ந்துவிட்டது. நீலக் கட்டம் போட்ட சட்டைக்குள் நுழைய வேண்டும். சுத்தமான வெள்ளைச் சட்டையில் டீ கொட்ட வேண்டும். வாய்க்குள் ஏதாவது ஒரு நம்பரை மாட்ட வேண்டும். மிச்ச கிளாஸை மூன்று மணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று டெய்லரம்மாவை அவர் கடை வாசலில் இறக்கிவிட்டு, மாஸ்டர் வீட்டுக்குப் பறந்தார்.

நீலக் கட்டச் சட்டை சோப்புத் தண்ணீர் வாளியில் கிடந்தது. துணி துவைப்பதில் அவர் மனைவி அன்றுதான் அவ்வளவு சுறுசுறுப்பாக இருந்திருக்க வேண்டும். எடுத்து அலசிப் பிழிந்து, சொட்டச் சொட்ட மாட்டிக்கொண்டார்.

அடுத்தது நம்பர். அவருடைய இழுப்பறையில் புது பாக்கெட் ஒன்று இருந்தது, பதினைந்து. அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல்தான் போட வேண்டும். பத்து நாள் முந்தினால் என்ன ஆகிவிடும் என்று பிரித்து மாட்டி அழுத்தினார். 'டக்' என்று ஒரு சத்தம். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. பல் ஒவ்வொன்றும் தனித்தனியாக வலித்தது.

புது நம்பர் மாட்டும்போதெல்லாம் இப்படித்தான், இரண்டு நாளைக்கு உயிர் போகும். ஆனால் மகள் இப்போதெல்லாம் ஒரு முனகல்கூட முனகுவதில்லை. ஆரம்பத்தில் அழுதவள்தான். கொஞ்ச மாதமாக நம்பர் மாறுவதே தெரியாமல் சிரித்துக்கொண்டு திரிகிறாள். எவ்வளவு பொறுமை இந்தப் பெண்ணுக்கு! மாஸ்டருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

வலிக்கு மாத்திரை இருக்குமா என்று அவள் இழுப்பறையைத் திறந்தார். அதில்கூட என்ன ஒழுங்கு! சின்ன வயசு என்பதால் அவளுக்குப் பத்து நாளைக்கு ஒரு நம்பர். பிரித்த பாக்கெட்டுகளை ஒன்று முதல் பதினாறு வரை வரிசையாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டிருந்தாள். புது பாக்கெட் எதுவும் கண்ணில் படவில்லை. கல்லூரிப் பையில் வைத்திருப்பாள். பிள்ளை என்றால் இது பிள்ளை. அப்பன்காரன் டப்பாவில் ஃபியூஸ் வைத்திருக்கிறான்.

மாத்திரை கிடைக்கவில்லை. மாஸ்டர் அடுப்பில் டீ போட்டார். வெள்ளைச் சட்டையை சிங்க்கின் மேல் விரித்து, மார்புப் பக்கமாக, இயல்பாகக் கொட்டினதுபோல் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தபோது, பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

நூலகத்தில் வேலை பார்க்கும் மனைவி மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள்.

"என்னங்க இது?"

"டீ... கொட்டிடுச்சு."

"கொட்டிடுச்சா? நீங்கதான் கொட்டிக்கிட்டிருக்கீங்க."

"பாதி அங்க கொட்டுச்சு. மீதி இங்க." வாயை அதிகம் திறந்தால் வலித்ததால், பல்லைக் கடித்தபடியே சொன்னார்.

மனைவி ஈரச் சட்டையைப் பார்த்தாள். தரையில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டையின் பையில் டீயில் ஊறிப்போய் எட்டிப் பார்த்த பன்னைப் பார்த்தாள். மேஜை மேல் பிரித்துக் கிடந்த பதினைந்தாம் நம்பர் பாக்கெட்டை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"தொலைச்சிட்டீங்களா?"

"தொலைக்கல. கெடைச்சிடுச்சு. ஆனா சுருண்டுடுச்சு." மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "உனக்குப் புண்ணியமாப் போகும், அவகிட்ட சொல்லிடாத. தெரிஞ்சா அவளும் கழட்டிப் போட்டுடுவா. பத்து மாசம் பட்ட பாடெல்லாம் வீணாப் போயிடும்."

மனைவியின் உதடு துடித்தது. கோபம் என்று மாஸ்டர் நினைத்தார். அவள் சட்டென்று திரும்பிக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, சிங்க்கைப் பார்த்தபடியே நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாளோ என்றுகூட அவருக்குத் தோன்றியது.

"நான் ஒண்ணும் சொல்லல," என்றாள் கடைசியில், குரலைச் சமாளித்துக்கொண்டு. "ஆனா சாயங்காலம் டார்ச் அடிச்சு நம்பர் பார்ப்பாளே. பதினஞ்சுன்னு இருந்தா என்ன சொல்லுவீங்க?"

மாஸ்டர் அதை மறந்தே போயிருந்தார். ஃப்ரிட்ஜ் அட்டையில் அவர் பத்திக்கு மேலேயே எழுதியிருந்தது, பதினாலு, அடுத்த சனிக்கிழமை வரை. கழற்றிவிடலாம் என்று பதினைந்தை நகத்தால் நெம்பினார். அது அசையவே இல்லை. மனைவி ஸ்பூன் கொண்டு வந்து தரவா என்று கேட்டாள்.

இனி ஒரே வழி. கிளினிக்குக்குப் போய், பதினைந்துக்கு மாறச் சொன்னதே டாக்டர்தான் என்று ஒரு சீட்டு வாங்கிவிட வேண்டும்.

மூன்று மணிக்கு டெய்லரம்மா ஸ்டீயரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார். "இன்னைக்கு எந்த ரூட்டு மாஸ்டர்?"

வாயைத் திறக்க முடியாத மாஸ்டர் கையைக் காட்டினார். வலது. பிறகு நேராக. பிறகு நிறுத்தச் சொல்லி உள்ளங்கையை உயர்த்தினார். டெய்லரம்மா அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் அழுத்தி மிதித்தார்.

"ப்ரேக்கு!" என்று மாஸ்டர் அலறியதில் பற்கள் பதினாறும் சேர்ந்து அலறின. அவருடைய காலே பிரேக்கை மிதித்தது. கார் ஒரு பழக்கடையின் முன்னால், ஆரஞ்சுப் பிரமிடுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"ஏன் மாஸ்டர், சட்டையெல்லாம் ஈரம்? இவ்வளவு வேர்க்குதா?" டெய்லரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எல்லாம் என்னாலதானே? அந்த டிஷ்யூவை நான் தொடாம இருந்திருக்கணும்."

"உங்க மேல தப்பில்லம்மா. டிஷ்யூவுல வைக்கக் கூடாதுன்னு எழுதி ஒட்டினவனே நான்தான்."

"பொண்ணு அவ்வளவு கோவக்காரியா?"

"கோவமெல்லாம் இல்ல." மாஸ்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்களிடம் சொல்லாத விஷயம் ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருக்கும்போது தானாக வந்தது. "சின்னப் பொண்ணா இருக்கறப்ப வீடே அதிர்ற மாதிரி சிரிப்பாம்மா. பத்து வயசுல யாரோ பல்லைப் பத்திச் சொல்லிட்டாங்க. அன்னைலேருந்து கையை வெச்சுக்கிட்டா. இப்ப கொஞ்ச நாளாத்தான் மறுபடியும் சத்தமா சிரிக்கறா. இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு போல. அது முடியற வரைக்கும் என்னால எதுவும் கெட்டுடக் கூடாது. அவ்வளவுதான்."

டெய்லரம்மா மூக்கை உறிஞ்சினார். பிறகு, நான்கு வகுப்பில் முதல் முறையாக, கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, துளிக் குலுக்கல் இல்லாமல் கிளினிக் வாசலில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

கிளினிக்கில் டாக்டரம்மா உள்ளே யாருக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் மாஸ்டரை ஏற இறங்கப் பார்த்தாள். நீலக் கட்டச் சட்டையிலிருந்து இன்னும் ஒன்றிரண்டு சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

"என்ன சார், வெளிய மழையா?"

"இல்லம்மா." மாஸ்டர் சுருண்ட பதினாலை மேஜை மேல் வைத்தார். பக்கத்தில் நெளிந்த பதின்மூன்றை வைத்தார். பிறகு வாயைத் திறந்து பதினைந்தைக் காட்டினார். காலையிலிருந்து நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பஸ் ஸ்டாப், பாய்லர் தண்ணீர், வியாழக்கிழமை போட்டோ, வெள்ளைச் சட்டையில் ஊற்றிய டீ, எல்லாம். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"சரி சார், பதட்டப்படாதீங்க. டாக்டர்கிட்ட கேட்டு வேற பதினாலு செய்யச் சொல்லிடறேன். அது வர வரைக்கும் என்ன பண்றதுன்னு டாக்டரே சொல்லுவாங்க. இதுக்கா இவ்வளவு ஓட்டம்? தொலைச்சவங்க நீங்க ஒருத்தர்தானா? வாரத்துக்கு நாலு பேரு வராங்க."

"அது இல்லம்மா பிரச்சினை. என் பொண்ணு."

"அவங்களுக்கு என்ன?"

"அவளுக்கு இது தெரியவே கூடாது. ஏழு மணிக்கு நம்பர் பார்ப்பா. பதினஞ்சுக்கு மாறச் சொன்னது டாக்டர்தான்னு ஒரு சீட்டு மட்டும் எழுதிக் குடுத்துடுங்க, கோடிப் புண்ணியம்." மாஸ்டர் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "நான் ஒழுங்கா போடலைன்னு தெரிஞ்சா, அன்னைக்கே அவளும் போடறதை நிறுத்திடுவாம்மா. பாதியில நின்னா பல்லு பழையபடி போயிடாதா?"

அந்தப் பெண் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிப் பார்த்தாள். மாஸ்டரைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் தோற்றுப்போனாள்.

"நிறுத்தறதுக்கு என்ன சார் இருக்கு? உங்க பொண்ணுக்கு எல்லாம் முடிஞ்சு நாலு மாசம் ஆகுது. பல்லு நகராம இருக்க கடைசி நம்பரை ராத்திரி மட்டும் போட்டாப் போதும்னு டாக்டர் சொன்னதுக்கு, 'பகல்ல நான் கழட்டினா எங்கப்பாவும் கழட்டி வெச்சுடுவாரு, அவரு வாயை மறைக்காம சிரிக்கற வரைக்கும் நானும் போட்டுக்கறேன்'னு சொல்லிட்டுப் போச்சு!"